ஆய்வுகூடம் காணாத மாணவரும் கணினித் திரையும்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், விவசாயம் ஆகிய துறைகளுக்குப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவர் தொகை சிறியதேயாயினும், அச்சிறு தொகைக்குப் பின்னால் நிற்கும் பிரயத்தனம் மிகப் பெரியது. லயத்து அறையொன்றில் ஐந்தாறு பேருடன் வாழ்ந்து, கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்து தனியார் வகுப்புக்குப் பணங்கட்டி, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையை விட்டு ஆசிரியர் உள்ள பாடசாலைக்கு மலையேறி இறங்கி நடந்து, க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திப் பேராதனையிலோ மொறட்டுவையிலோ கொழும்பிலோ கால்வைக்கும் அம்மாணாக்கர், முதல் வாரத்திலேயே ஆய்வுகூட மேசையின் முன் நின்று, அதுவரை படமாகவே கண்டு மனனம் செய்திருந்த அளவியையும் குழாயியையும் அலைவுகாட்டியையும் முதன்முறையாகக் கையில் எடுக்கின்றார். பக்கத்தில் நிற்கும் நகரத்துப் பாடசாலை மாணவருக்கு அவை பழகிய பொருள்கள். இவருக்கோ அவை பரீட்சையில் எழுதிய விடைகள்.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. 1945 ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுமையாகப் பெறாது புறத்தே நின்றன. தோட்ட நிர்வாகங்களின் கையிலிருந்த அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கியது 1970களிலேதான். அந்த ஒரு தலைமுறைக் காலத் தாமதத்தின் சுவடு, பாடசாலை ஆய்வுகூடங்களிலும் விஞ்ஞான ஆசிரியர் தொகையிலும் இன்றும் அழியாதிருக்கின்றது. விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில், கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருப்பதும், அம்மாவட்டங்களுள் நுவரெலியாவும் பதுளையும் அடங்குவதும் உண்மையே. ஆனால் ஒதுக்கீடு பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட வல்லதேயன்றி, பத்தாண்டுக் காலம் கிடையாதுபோன ஆய்வுகூட அனுபவத்தை ஈடுசெய்ய வல்லதன்று.

ஆதலின், இயற்கை நிகழ்வுகளைத் திரையிலே கண்முன் நிறுத்தும் காட்சிப்படுத்தலும், அந்நிகழ்வுகளின் விதிகளைக் கணிதமாக அமைத்து மாணவரே மாற்றி மாற்றி இயக்கிப் பார்க்க இடந்தரும் ஒப்புருவாக்கமும் பல்கலைக்கழகப் போதனையில் பரவலாக இடம்பெற வேண்டும் என்று நாம் கேட்பது ஆடம்பரத்தை நாடியன்று, நியாயத்தை வேண்டியே. ஆயினும், அத்தொழில்நுட்பம் மாணவரை ஆய்வுகூடத்துக்கும் களத்துக்கும் இட்டுச்செல்லும் வழியாக அமையவேண்டுமேயன்றி, அவற்றின் ஸ்தானத்தைத் தானே பிடித்துக்கொள்ளுதல் ஆகாது. அன்றியும், அதன் பாடப்பொருள் பிற தேசங்களிலிருந்து வந்த மாதிரிகளோடு நின்றுவிடாமல் இம்மலைகளின் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் எழுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆபத்தின்றித் தவறிழைக்கும் சுதந்திரம்

ஒப்புருவாக்கம் என்பது கணினியோடு பிறந்த புதுமையன்று. இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஓர்கன் வாத்தியத்தின் துருத்திகளையும் காற்றுக்குழாய்களையும் கொண்டு, தரையை விட்டெழாமலே விமானம் போல அசைந்து சரியும் ஒரு பயிற்சிப் பெட்டியை 1929 ஆம் ஆண்டு ஆக்கினார். முதலில் எவரும் அதனைப் பெரிதாக மதித்தாரில்லை. 1934 இல், அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லும் பணியில் மோசமான காலநிலையிற் சிக்கிப் பலர் மாண்ட பின்னரே, இராணுவம் அக்கருவிகளை வாங்கிற்று. நோர்வே தேசத்திலே, விளையாட்டுப் பொருள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்பார், மூச்சடைத்தவரை உயிர்ப்பிக்கும் முறையைப் பயில்வதற்கென 1960 ஆம் ஆண்டு ஒரு முழுவுருவப் பொம்மையை ஆக்கியளித்தார்; உலகெங்கும் வைத்தியரும் தாதியரும் முதலுதவியாளரும் இன்றுவரை அதன் மார்பை அழுத்தியே அக்கலையைக் கற்கின்றனர். நம் நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியினர், கடற்படையினரின் பயிற்சிக்காக 'விதுசயுர' எனும் கப்பல் ஒப்புருவாக்கியைத் தாமே வடிவமைத்திருக்கின்றனர். இவை யாவற்றுக்கும் பொதுவாயுள்ள தத்துவம் ஒன்றே: உயிருக்கும் உடைமைக்கும் சேதமின்றித் தவறு செய்யவும், அத்தவறிலிருந்து கற்கவும், மீண்டும் தொடங்கவும் மாணவருக்குச் சுதந்திரம் அளித்தல்.

இச்சுதந்திரத்தின் அருமையை மலையகத்து மாணவர் நன்குணர்வர். ஆய்வுகூடத்தில் விலையுயர்ந்த கருவியொன்றைத் தொடும்போது, உடைந்துபோனால் யார் பணங்கட்டுவது என்ற அச்சம் கையைத் தடுக்கின்றது. குழுவாகச் செய்யும் பரிசோதனையில், பழகியவர் கருவியை இயக்க, பழகாதவர் அளவீடுகளைக் குறித்துக்கொள்ளும் வேலையை ஏற்று ஒதுங்கிநிற்பது வழக்கமாகிவிடுகின்றது. தனியே அமர்ந்து, எவரும் நகையாடாத இடத்தில், ஒரு மின்சுற்றைப் பத்துமுறை தவறாக இணைத்துப் பதினொராவது முறை சரியாக இணைத்துப் பார்த்த பின்னர் ஆய்வுகூடத்துக்குச் செல்பவர், அங்கே குறிப்பெடுப்பவராக நின்றுவிடமாட்டார்.

இது வெறும் நம்பிக்கையன்று. 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 ஆம் ஆண்டு தொடங்கிய 'பெட்' என்னும் திட்டத்தில், விஞ்ஞான விதிகளைத் திரையில் இயக்கிக் காட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாடங்கள் ஆக்கப்பட்டு யாவர்க்கும் இலவசமாக வழங்கப்படுகின்றன. அத்திட்டத்தினர் 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, மின்சுற்றுக்களைத் திரையில் மட்டும் இயக்கிப் பயின்ற மாணவர், மெய்யான மின்கலங்களோடும் கம்பிகளோடும் பயின்றவரை விடக் கருத்துக்களை விளங்கிக்கொள்வதில் முன்னின்றதோடு, பின்னர் மெய்யான சுற்றொன்றை அமைக்கச் சொன்னபோதும் பின்தங்கவில்லை. கம்பியினுள்ளே மின்னோட்டம் செல்வதை எவரும் கண்ணால் காண்பதில்லை. திரையோ அதனைக் காட்டிற்று. தொடக்கநிலைப் பாடமொன்றிற் கண்ட இம்முடிவை எல்லாத் துறைக்கும் நீட்டிவிடலாகாதெனினும், முதலாமாண்டு மாணவரைப் பொறுத்தவரையில் இதன் முக்கியத்துவம் மறுக்கத்தக்கதன்று. இந்திய அரசாங்கமும் 2009 இல் தொடங்கிய தேசியத் திட்டமொன்றன் கீழ், டில்லி ஐ.ஐ.டி.யின் தலைமையில் பல கல்வி நிறுவனங்களை ஒன்றுசேர்த்து, நல்ல ஆய்வுகூடங்கள் அற்ற கல்லூரி மாணவருக்கென்றே மெய்நிகர் ஆய்வுகூடங்களை அமைத்துள்ளது.

மழையும் மண்ணும் கானும்

மலையகத்துக்கே உரிய பாடமொன்று இம்முறையில் எவ்வாறு அமையலாம் என்பதை இங்கே சற்று விரித்துக் கூறுதல் உசிதமாகும். சரிவுகளின் உறுதிநிலையைக் கணிக்கும் மென்பொருள்கள் குடிசார் பொறியியற் கல்விக்குப் புதியனவல்ல. திரையிலே ஒரு மலைச்சரிவு குறுக்குவெட்டாகத் தோன்றுகின்றது: மேலே தேயிலை, அதன் கீழே சில மீற்றர் ஆழத்துக்கு மண், அதற்கும் கீழே பாறை, மண்ணினூடே நிலத்தடி நீரின் மட்டத்தைக் காட்டும் நீலக்கோடு. சரிவைத் தாங்கிநிற்கும் விசைக்கும் அதனைக் கீழே இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம் ஓர் எண்ணாக மூலையில் நிற்கின்றது; உலர்ந்த காலத்தில் அது 1.4 என்று வைத்துக்கொள்வோம். மாணவர் மழையைக் கூட்டுகின்றார். நீர் மண்ணின் நுண்துளைகளை நிரப்ப, நீலக்கோடு மேலெழுகின்றது. துளைநீரின் அமுக்கம் மண்துணிக்கைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் பிடியைத் தளர்த்த, மூலையிலுள்ள எண் 1.3 ஆகி, 1.1 ஆகி, 1 ஐ விடக் குறைந்த கணத்திலே மலை சரிகின்றது.

அடுத்து மாணவர் அதே மழையை மீண்டும் பெய்விக்கின்றார். ஆனால் இம்முறை தேயிலை மலையின் குறுக்கே வெட்டப்பட்ட கான்கள் எனும் வடிகால்களைத் திறந்துவிடுகின்றார். நீரிற் பெரும்பகுதி மண்ணினுள் இறங்காமல் ஓடையைச் சென்றடைய, நீலக்கோடு தாழ்ந்தே நிற்கின்றது, சரிவும் நிலைக்கின்றது. கான் வெட்டும் வேலையையும், வெட்டிய கானை மண்மூடாமற் பேணும் வேலையையும் செய்த தொழிலாளர் தலைமுறைகளின் உழைப்பு எதனைக் காத்து நின்றது என்பது அப்பொழுது அப்பிள்ளைக்கு எண்ணாகவும் உருவாகவும் புலனாகின்றது. தன் பாட்டனார் மண்வெட்டியோடு செய்த தொழில் பொறியியல் என்று பெயர் பெறும் சாஸ்திரத்தின் ஓர் அங்கமென்று அறியும் மாணாக்கர், பல்கலைக்கழகத்தில் தலைநிமிர்ந்து நிற்பார்.

இப்பாடத்தின் அவசியத்தை எவரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மக்களோடு மண்ணுள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகளைக் குலைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறவும் வேண்டுமென அறிவுறுத்துகின்றது. அவ்வெண்கள் வானொலியிற் கேட்டு மறக்கும் எண்களாக இராமல், ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டன என்பதை விளங்கிக்கொண்ட பட்டதாரிகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார்களாயின், எச்சரிக்கைக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். எனினும் ஒரு சத்தியத்தை மறைத்தலாகாது: மீரியபெத்தை அபாயகரமான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது, எச்சரிக்கையைக் கேட்டவர் பெயர்ந்துபோய்க் குடியிருக்க வேறு காணி இருந்ததில்லை. ஏழு பேர்ச் காணியும் பாதுகாப்பான வீடும் தராத அரசு, எத்துணை நுட்பமான ஒப்புருவாக்கத்தாலும் உயிர்களைக் காத்துவிட இயலாது.

திரை தராத அறிவு

கண்ணுக்குப் புலனாகாததைப் புலனாக்கும் முயற்சிக்கு இத்தீவில் நெடிய பாரம்பரியம் உண்டு. 1869 இல் கோப்பிச் செடிகளிற் கண்ட இலைத்துரு நோய் அப்பயிரை அழித்துவந்த காலத்தில், அதனை ஆராய 1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவர சாஸ்திரி, பசையிட்ட கண்ணாடித் தகடுகளைக் காற்றில் நிறுத்தி, அவற்றில் ஒட்டிய நுண்ணிய வித்திகளை நுணுக்குக்காட்டியின் கீழே காட்டி, நோயைப் பரப்புவது காற்றே என்று நிரூபித்தார். வார்ட் காட்டியது மெய்யான வித்தியை. இன்றைய திரை காட்டுவதோ நாம் எழுதிக் கொடுத்த சமன்பாட்டை. இவ்வேற்றுமையை மறக்கும் போதனை மாணவரை ஏமாற்றுவதாகும். மேற்கூறிய மலைச்சரிவில், மண் எங்கும் ஒரே தன்மையதென்று மாதிரி கொள்கின்றது. மெய்யான மலையிலோ பழைய வேர்கள் உக்கிய துளைகளும், புதைந்து கிடக்கும் பெருங்கற்களும், முன்னொருகால் சரிந்து மீண்டும் படிந்த மண்ணும் இருக்கின்றன. மாதிரி எதனை விட்டுவிட்டது என்று கேட்கப் பழகாத மாணவர், திரையை நம்பி மலையைப் பிழையாக வாசிப்பார்.

தேயிலைத் தொழிற்சாலையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. பறித்து வந்த கொழுந்தின் எடையில் முக்காற்பங்குக்கு மேல் நீர். நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றை ஊதி, 12 முதல் 18 மணித்தியாலம் வாட்டி அந்நீரைக் குறைத்த பின்னரே அது அரைப்பதற்குப் பதமாகின்றது. அரைபட்ட இலையில் நொதியங்கள் பொலிபீனோல்களை ஒட்சியேற்ற, பச்சை செம்பாகி, தேநீருக்கு நிறமும் உறைப்பும் உண்டாகின்றன. காற்றின் வெப்பம், ஈரப்பதம், ஊதும் வேகம், கொழுந்துப் பரப்பின் தடிப்பு ஆகியவற்றை மாற்றி இவற்றின் விளைவைத் திரையிற் காண்பது அருமையான பாடமாகும். மூடுபனி சூழ்ந்த நுவரெலியா நாளொன்றில் ஊதும் காற்றை ஏன் சூடாக்க வேண்டும் என்பதை அரைமணி நேரத்தில் அது விளக்கிவிடும். எனினும், நள்ளிரவில் தொட்டியருகே வந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை எடுத்துப் பிசைந்து, உருண்டையாக்கி, கையை விரிக்கும்போது அவ்வுருண்டை எப்படித் தளர்ந்து விரிகின்றது என்பதைக் கொண்டு பதம் பார்க்கும் டீமேக்கரின் விரல்களில் இருக்கும் அறிவை எந்தத் திரையும் தருவதில்லை. கொழுந்தின் வாசனையும் அப்படியே. 2005 இல் தொடங்கப்பெற்ற பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் பட்டம் இருக்கின்றது. அத்தகைய கல்வியில் திரையும் தொட்டியும் ஒன்றையொன்று நிரப்புவனவாக இருக்கவேண்டும்: முதல்நாள் திரையிற் கணித்த வாட்டத்தை மறுநாள் தொழிற்சாலையில் கையாற் சோதித்து, இரண்டும் வேறுபட்ட இடத்தில் காரணத்தை எழுதும் மாணவரே அச்சாஸ்திரத்தைக் கற்றவர் ஆவார்.

இன்னொரு அபாயமும் உண்டு. பணமில்லை என்ற காரணத்தால், ஆய்வுகூடம் கட்டுவதற்குப் பதிலாக ஒரு மென்பொருளை வழங்கிவிட்டுக் கடமை முடிந்ததென்று கருதும் மனப்பான்மை ஆட்சியாளருக்கு எளிதில் வரக்கூடும். நகரத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடம், தோட்டத்துப் பிள்ளைக்கு அதன் படம் என்ற பாகுபாடு அதனால் நிலைபெறுமாயின், நியாயத்தின் பெயரால் வந்த தொழில்நுட்பம் அநியாயத்தின் சாதனமாகிவிடும். மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற நெடுநாட் கோரிக்கையை, இணையவழி வசதிகளைக் காட்டி ஒத்திப்போடுதலும் அவ்வாறே தகாது.

செய்யவேண்டியவை

2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் வகுப்பறைகள் மூடப்பட்டு, இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக விரிவுரைகள் நடைபெற்றபோது, தரவுக் கட்டணச் சலுகை கிடைத்தும், அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கிலுள்ள லயங்களின் மாணவர், சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏறவேண்டியிருந்தது. அந்த அனுபவம் கற்பித்த பாடத்தை மறத்தல் கூடாது. மலையக மாணவருக்கான ஒப்புருவாக்கப் பாடங்கள், ஒருமுறை தரவிறக்கிய பின் இணையமின்றியே இயங்குவனவாகவும், விலைகுறைந்த கைத்தொலைபேசியிலும் பழைய மடிக்கணினியிலும் ஓடுவனவாகவும் இருத்தல் வேண்டும். முன்னே கூறிய கொலராடோ திட்டத்தின் பாடங்கள் பல இவ்வாறு இயங்கவல்லவை. சில தமிழிலும் கிடைக்கின்றன. கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இவற்றைக் கையாளும் பயிற்சி வழங்கப்படுமாயின், அங்கிருந்து வெளியேறும் ஆசிரியர்கள் ஆய்வுகூடமற்ற பாடசாலைகளுக்கும் இவற்றைக் கொண்டுசெல்வர். பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவரின் தயார்நிலை அதனால் உயரும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவர், விஞ்ஞானப் பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். விளங்காத கருத்தும் விளங்காத சொல்லும் ஒருங்கே தாக்கும்போது, அறிவிற் சிறந்தவரும் தடுமாறுதல் இயல்பு. நிகழ்வைத் திரையிற் கண்டு, தமிழ் விளக்கத்தால் கருத்தைத் தெளிந்து, அதன்பின் ஆங்கிலச் சொல்லை ஏற்பவருக்குச் சுமை பாதியாகின்றது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவரும், 1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவருமான சுவாமி விபுலானந்தர், பௌதிக சாஸ்திரத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்றவர். அவர் வழிவந்த நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. விரிவுரையாளர்கள் தம் பாடங்களின் திரை விளக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்து அமைப்பதற்கு வேண்டுவது மனமும் சிறிது நேரமுமே.

தரவுக்கும் குறைவில்லை. 1925 இல் தோன்றி, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நூற்றாண்டு கண்டுவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வலயங்களின் வரைபடங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் வட்டவளையும், தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும் ஊவாவும் இரண்டு மூன்று மணிநேரப் பயணத்தில் அடுத்தடுத்து அமைந்த இந்நிலப்பரப்பை விடச் சிறந்த ஆய்வுகூடம் வேறு எங்கு உண்டு? இந்நிறுவனங்களின் அளவீடுகளைப் பெற்று, நம் பீடங்களின் இறுதியாண்டு மாணவர்களைக் கொண்டே இப்பாடங்களை ஆக்குவித்தால், செலவும் பெரிதாகாது. ஆக்குகின்றவர்களும் ஆக்குவதன் மூலமே கற்பர்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவையும், பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ ஆகிய பல்கலைக்கழகங்களின் பீடாதிபதிகளையும் நாம் வேண்டுவது இதுவே: வரும் கல்வியாண்டிலேயே, முதலாமாண்டு விஞ்ஞான மாணவர்க்கென ஒப்புருவாக்கப் பயிற்சியோடு தொடங்கி ஆய்வுகூடத்தில் முடியும் ஒரு முன்னோடிப் பாடநெறியை ஏற்படுத்துங்கள்; அதன் முதற் பாடமாக மலையகத்தின் ஒரு சரிவையும் ஒரு கானையும் எடுத்துக்கொள்ளுங்கள்; அதே வேளையில் தோட்டப் பாடசாலைகளுக்கு மெய்யான ஆய்வுகூடங்களைக் கட்டும் கடமையைக் கைவிடாதிருக்குமாறு கல்வி அமைச்சை வற்புறுத்துங்கள். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள் தம் பங்கு முயற்சியை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். இனிச் செய்யவேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை.